வெட்டாத படங்கள்

இது யாருடைய கை? வெள்ளை ரோஜா, அதற்குப் பின்னால் கறுப்புத் துணி, துணியின் மேல் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு கை. என் தோட்டத்தில், என் செடிக்குப் பின்னால், நான் எடுத்த படத்தில் இருக்கிறது. அப்படியானால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் கையாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் காலங்காத்தாலே வந்து எனக்குத் துணி பிடிக்கப் போகிறார்கள். ஆனால் அவர் கை இப்படி இருக்காதே. முப்பத்திரண்டு வருடம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த கை அது. இறுகிப்போன ஊறுகாய் பாட்டில் மூடியைச் சமையலறைக்கு வந்து ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டு, "இதுக்குப் போயி என்னையக் கூப்புட்டயா" என்று நக்கலாகக் கேட்டுவிட்டுப் போகிற கை. படத்தில் இருப்பது யாரோ நோஞ்சான் மனுஷனுடையது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில் திரண்டிருக்க வேண்டிய சதை இல்லை. அங்கே ஒரு குழி. நிழலாக இருக்கும். விடிகாலை வெளிச்சம் சாய்வாக விழுந்தால் எல்லாமே குழியாகத்தான் தெரியும், நாலு வருடமாகப் படம் எடுக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்க்கிறேன். குழி அங்கேயேதான் இருக்கிறது. மணி ஆறு நாற்பது. வெளியே அவர் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்கிறது.

இந்தப் படங்களை நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை. எடுத்தவளே பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள். என் காமிராவின் லென்ஸ் பூவுக்கு ரொம்பக் கிட்டே போனால் மங்கலாகிவிடும். அதனால் இரண்டடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுப்பேன், எடுத்த சூட்டோடு செல்போனுக்கு மாற்றுவேன், சுற்றிலும் இருப்பதையெல்லாம் என்னவென்றுகூடப் பார்க்காமல் வெட்டித் தள்ளிவிட்டுப் பூவை மட்டும் வைத்துக்கொள்வேன். துணி பிடிப்பது அவர் வேலை. துணி என்றால் கடையில் வாங்கியது இல்லை, அவர் சபரிமலைக்குக் கட்டிக்கொண்டு போன பழைய கறுப்பு வேட்டி. முதல் நாள் சாமித் துணியாச்சே என்று தயங்கினார். "பூவும் சாமிக்குத்தானே போகுது" என்று சொல்லி வாயை அடைத்தேன். ஒரு பூவைக்கூட நான் சாமிக்குப் பறித்ததில்லை என்பது வேறு விஷயம். அந்த வேட்டியைப் பின்னால் பிடித்துவிட்டால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி தெரியாது, காம்பவுண்டு சுவர் தெரியாது, வெளியே வைத்த கேஸ் சிலிண்டர் தெரியாது, பூ மட்டும் பளிச்சென்று நிற்கும். எங்கள் ரோஜா வாட்ஸப் குழுவில் முன்னூறு பேர் இருக்கிறார்கள். கறுப்புக்கு முன்னால் ஒரு பூ நின்றால் பேரைப் பார்க்காமலே 'கோயமுத்தூர் சம்பூரணம் மேடம்' என்பார்கள். அந்தக் குழு இந்த வருடம் காலண்டர் போடுகிறது, பன்னிரண்டு மாதமும் என் படம். ஒரு வாரமாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நேற்று குழுவை நடத்துகிற ஆரோக்கியராஜ் சார் குன்னூரிலிருந்து கூப்பிட்டு, "மேடம், செல்லுல அனுப்புனதைப் பெருசாக்குனா உடைஞ்சு போகுது. காமிராவுல இருக்கிற முழுப் படத்தை அப்படியே வெட்டாம அனுப்புங்க. நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுது" என்றார். அதற்காகத்தான் விடிந்ததும் விடியாததுமாக, மகள் சிந்துஜா பெங்களூர் போகும்போது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அன்றன்றைக்குத் திறந்து பார்க்காமலே ஏற்றிவைத்த நாலு வருடப் படங்களும் மாதவாரியாக அதில் கிடக்கின்றன.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு பூவுக்குப் பின்னாலும் இவர் இருந்தார். ஒன்றில் முழங்கை, ஒன்றில் வழுக்கைத் தலையின் பாதி, இன்னொன்றில் மில்லில் கொடுத்த நீலத் துண்டு. அடப்பாவி மனுஷா, முன்னூறு பேர் ஆகா ஓகோ என்ற ரோஜாவுக்கு முதுகுப்பக்கம் நீங்கள் இப்படிப் பல் தேய்க்காமல் நின்றுகொண்டிருந்தீர்களா என்று வாய்விட்டுச் சிரித்தேன். வெளியே அவருக்குக் கேட்டிருக்கும். ஜனவரிக்கு வெள்ளை, பிப்ரவரிக்கு ரோஸ் ஓரம் வைத்த மஞ்சள் என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்தவள், மார்ச்சுக்கு இரண்டு வெள்ளையில் எது நல்லது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூ இரண்டும் ஒரே செடியில் பூத்தது, ஒரே மாதிரி. கை இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று காமிரா வாங்கிய வருடம், ஒன்று போன வருடம். முதல் கையில் துணி விறைப்பாக நிற்கிறது, நகக்கண்ணில் மில்லின் கிரீஸ் கறைகூட இன்னும் போகவில்லை. இரண்டாவது கையில் துணி தொங்குகிறது. அப்புறம்தான் வரிசையாகத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம். முதல் வருடம் முழுக்க வலதுகை ஒன்றுதான், இடதுகை எங்கேயோ இடுப்பில். இரண்டாவது வருடம் ஆடியில் அந்தச் சதை கொஞ்சம் வற்றியிருக்கிறது, தெரிந்து பார்த்தால்தான் தெரியும். கார்த்திகையில் தெரியாமல் பார்த்தாலும் தெரிகிறது. மூன்றாவது வருடம் வலதுகைக்கு ஒத்தாசையாக இடதுகை வருகிறது, தையில் இடதுகை மட்டும். விரல்கள் நீட்டவும் இல்லை மடக்கவும் இல்லை, பாதியில் நிற்கின்றன. நிழல் என்றால் ஒரு படத்தில் இருக்கும், அடுத்த படத்தில் இருக்காது. இது மாதத்துக்கு மாதம் ஆழமாகிக்கொண்டே வருகிறது. காப்பி ஆடை கட்டிவிட்டது.

எனக்கு இந்தக் குழியைத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் என்னவோ மூட்டு வலி, சத்துக் குறைவு என்று எழுந்து போயிருப்பேன். இவருடைய அண்ணன், உடுமலை மச்சாண்டாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. வண்டிச் சாவியைத் திருப்ப முடியவில்லை என்றார். எல்லோரும் வண்டியைத்தான் ஒர்க்ஷாப்பில் விட்டோம். அப்புறம் இதே இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றியது. தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி துடிக்கும். அப்புறம் முழங்கை, அப்புறம் தோள், அப்புறம் நாக்கு. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. ஈ மொய்த்தால் ஓட்ட முடியாமல் கண்ணால் காட்டுவார், பார்க்கச் சகிக்காது. நாலு வருடம் இப்படிக் கிடந்து போய்ச் சேர்ந்தார். நரம்பு வியாதி, மருந்து கிடையாது, சில குடும்பங்களில் அண்ணன் தம்பிக்கு வரும் என்று டாக்டர் சொன்னபோது இவரும் நானும் அந்த ரூமில் நின்றுகொண்டிருந்தோம். நான் உடனே இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரும்போது பஸ்ஸில், "சில குடும்பம்னுதான சொன்னாரு, எல்லாக் குடும்பமும்னு சொல்லலையே" என்றார். அதோடு நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மச்சாண்டாருக்கு வாரம் ஒருமுறை போய் முகம் மழித்துவிட்டு வந்தது இவர்தான். அந்தக் கைகளை மடியில் வைத்து நகம் வெட்டிவிட்டதும் இவர்தான். அப்படியானால் இவருக்கும் இந்தக் குழியைத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். தன் கையில் அதைப் பார்க்காமல் இருந்திருக்கவே மாட்டார். எத்தனை நாளாக? இரண்டாவது வருடம் ஆடியில் இருந்தே என்றால் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது, அத்தனை நாளும் ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறோம்.

"அம்மிணி, மொட்டு நல்லா விரிஞ்சிருக்குது. வெய்யில் ஏறப்போவுது, வா" என்று வெளியே இருந்து குரல் வருகிறது. வருகிறேன் என்று சொல்ல வேண்டும். ஏழேகாலுக்கு வெயில் பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிடும், தாண்டிவிட்டால் இதழில் திட்டுத்திட்டாக விழுந்து படம் பாழ். இன்றைக்குப் பூத்திருப்பது முக்கால் விரிவில் இருக்கிறது, நாளைக்கு வாய் பிளந்துவிடும். இது எல்லாம் எனக்குத் தெரிகிறது பாருங்கள், இதெல்லாம் நன்றாகத் தெரிகிறது. கேட்டிலிருந்து பார்த்தே எந்தச் செடியின் எந்த இலையில் கரும்புள்ளி விழுந்திருக்கிறது என்று சொல்வேன். ஒரு கிளை நுனியில் கருகினால் அன்றைக்கே பச்சை தெரிகிற இடம்வரை வெட்டி, வெட்டிய இடத்தில் மஞ்சள் குழைத்துப் பூசுவேன், இல்லாவிட்டால் கருகல் தண்டுவரை இறங்கிவிடும். முப்பத்தேழு செடி, முப்பத்தேழையும் தினம் ஒரு சுற்று. ஒரு மனுஷன் நுனியில் இருந்து கருகிக்கொண்டு வருகிறான், அவன் பிடித்த துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பூவுக்கு வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் மேல் வருகிற ஆத்திரத்துக்கு இந்த லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அடிக்கலாம். "வர்றனுங்க" என்று குரல் கொடுக்கிறேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஒவ்வொன்றாக வந்து இடிக்கிறது. போன வருடம் சித்திரையில் சட்டை போடுவதை விட்டுவிட்டு பனியன் மாதிரி டீ-ஷர்ட்டுக்கு மாறினார். "அறுபத்து மூணு வயசுல காலேஜ் போறாப்பல" என்று நான் கிண்டல் செய்தேன், சிரித்துக்கொண்டார். பொத்தான் போட முடியாமல்தான். தயிர்சாதத்துக்கு ஸ்பூன் கேட்டார், நகச்சுத்தி என்றார், நகச்சுத்தி ஆறு மாதமா இருக்கும், நான் கேட்கவே இல்லை. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கையிலும் அணைத்துப் பிடித்துக் குடிக்கிறார், கேட்டால் இதமாக இருக்கிறது என்றார், மே மாதத்தில் என்ன இதம். போன புரட்டாசியில் கவாத்து செய்யக் கத்திரியை நீட்டியபோது, "நீயே வெட்டு, எனக்குப் பாவமா இருக்குது" என்றார். நான் அதைக் குழுவில் எழுதிப் போட்டேன், 'என் வீட்டுக்காரருக்கு ரோஜாவை வெட்டவே மனசு வரவில்லை' என்று. நூறு பேர் கும்பிடு போட்டார்கள். செல்போனை இப்போது கையில் வைத்துக்கொள்வதில்லை, மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார், ஊருக்கே கேட்கிறது என்று அதற்கும் திட்டினேன். பேப்பர் படிக்கும்போது ஒருநாள் மேல்கையில் தோல் துடித்தது, பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன், கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். தட்டியதும் அவர் என்னைப் பார்த்த பார்வை ஒன்று இருக்கிறதே. அப்புறம் மலை. பதினெட்டு வருடம் போய்த் தென்னங்கன்று வைத்து முடிக்க வேண்டும் என்று இருந்தவர், பதினாறாவதோடு நின்றார். போன வருடமும் மாலை போடவில்லை, இந்தக் கார்த்திகை ஒன்றாம் தேதியும் போடவில்லை. எந்த மனுஷனாவது இரண்டு வருடம் பாக்கி வைத்துவிட்டு நிறுத்துவானா, யோசிக்க வேண்டாமா நான். இருமுடியைத் தலையில் தாங்கிப் பிடிக்கக் கை வேண்டும். அவர் முழங்கால் வலி என்றார். நான் சொன்னேன், "நல்லதாப் போச்சு. கார்த்திகை மார்கழிலதான் பூவே. நீங்க மலைக்குப் போயிட்டா எனக்குத் துணி புடிக்க ஆளில்லாமச் செவத்தோட எடுத்துட்டு இருந்தேன்." நல்லதாப் போச்சு என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இதற்கெல்லாம் மேலே, தினமும் காலையில் அந்த அரை மணி நேரம் நான் பேசுகிற பேச்சு. துணி ஆடினால் பூவில் உரசும், உரசினால் இதழில் நிற்கிற பனித்துளி உதிர்ந்துவிடும், எனக்குக் கெட்ட கோபம் வரும். "ஆட்டாதீங்க. ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது. காத்தே இல்ல, துணி மட்டும் எப்படி ஆடும்? ஒரு துணியப் புடிச்சுட்டு அஞ்சு நிமிசம் நிக்கறதுக்குக்கூட உங்களுக்கு வணங்காதா? மில்லுல உங்களை எப்படி வெச்சிருந்தாங்க?" டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் முகம் தெரியாத ஆட்களிடம் பதவிசாகப் பேசிப் பேசி, பாக்கி வைத்த பேச்சையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து இவர் தலையில் கொட்டினவள் நான். இவர் திருப்பிக் கொடுப்பார், அதுதான் எங்களுக்குள் பழக்கம், நான் ஒன்று சொன்னால் இவர் ஒன்றரை சொல்வார். கொஞ்ச நாளாக, ஐப்பசியிலிருந்து இருக்கும், துணிக்குப் பின்னால் இருந்து பதிலே வருவதில்லை. "ம்" என்பார். இன்னும் இரண்டு தடவை திட்டினால் அதற்கும் "ம்". வயசாகி உம்மணாமூஞ்சி ஆகிவிட்டார் என்று சிந்துஜாவிடம் புகார் சொன்னேன். அவள் துணி மாட்ட ஒரு ஸ்டாண்டு வாங்கி அனுப்பினாள். "நான் இருக்கறப்ப இரும்பு எதுக்கு" என்று பெட்டியைப் பிரிக்காமலே காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். பொறுப்பாகத்தான் இருக்கிறார், வாயைத் திறந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஐப்பசி. ஐப்பசிப் படங்களை இன்னும் திறக்கவில்லை. திறக்க வேண்டாம், எழுந்து போகலாம், கூப்பிட்டு ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் கை போய்த் திறந்துவிட்டது. மஞ்சள் ரோஜா, இதழ் ஓரத்தில் சிவப்பு, நூற்றறுபது பேர் இதயம் போட்ட படம், டிசம்பருக்கு இதைத்தான் வைத்திருந்தேன். துணி இருக்கிறது. கை இல்லை. எங்கே கை என்று தேடுகிறேன். வலது ஓரத்தில் தாழே வேட்டியின் முனை ஒரு மணிக்கட்டில் சுற்றியிருக்கிறது, இரண்டு சுற்று, விரல்கள் அதற்குக் கீழே சும்மா தொங்குகின்றன. இடது ஓரத்திலும் அப்படியே. அப்படியானால் மேலே யார் பிடித்திருக்கிறார்கள்? படத்தை மேலே நகர்த்துகிறேன். மேல் ஓரத்தில் ஒரு தாடை. நாலைந்து நாள் வெள்ளைத் தாடி. ஒரு வாய். வாய் துணியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பல் தெரிகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, அதற்கு மேலே படம் முடிந்துவிடுகிறது, கண் தெரியவில்லை. அடுத்த படம், வாய். அதற்கு அடுத்தது, வாய். நேற்று எடுத்தது, முந்தாநாள் எடுத்தது, தீபாவளிக்கு மறுநாள் எடுத்தது, எல்லாவற்றிலும் என் ரோஜாவுக்கு ஒன்றரை அடி மேலே அவர் வாய் என் துணியைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. நான் எத்தனை முறை கேட்டேன், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று. கேட்டேனே. ஐயோ, அதையும் கேட்டேனே. எனக்கு அழுகை வரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் காமிராவைச் சரிசெய்து தலையைத் தூக்குவதற்குள் அவர் தயாராக நின்றுவிடுவார், எடுத்து முடித்து நான் திரையைப் பார்க்கிற நேரத்தில் வேட்டியை மணிக்கட்டால் சுருட்டி அக்குளில் இடுக்கியிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பாத நேரம் எது என்று அவருக்கு அத்தனை கணக்காகத் தெரிந்திருக்கிறது.

"சம்பூரணம், தொட்டிக்கிட்ட வந்துருச்சு வெய்யிலு." பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவசரம் என்று அர்த்தம். எழுந்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது? ஒன்றும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். அவராகச் சொல்லாமல் இருக்கிறார் என்றால் ஏதோ ஒரு காரணம் இருக்கும், மனுஷன் இரண்டு வருடம் கட்டிக்காத்த ஒன்றை நான் போய் இரண்டு நிமிடத்தில் உடைக்கக்கூடாது. ஒருவேளை அது இல்லையோ என்னவோ. கழுத்து எலும்பு தேய்ந்தாலும் கை இளைக்கும் என்பார்கள், யாரோ சொன்னார்கள், யார் சொன்னார்கள். நல்ல டாக்டராகப் பார்க்க வேண்டும், சிந்துஜாவைப் பேசச் சொல்ல வேண்டும், பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், எல்லாம் இன்றைக்கே, ஆனால் இந்த நிமிடம் இல்லை. இந்த நிமிடம் நான் எப்போதும் போல வெளியே போக வேண்டும், உட்கார வேண்டும், ஆட்டாதீங்க என்று கத்த வேண்டும். அவ்வளவுதானே. நாலு வருடமாகச் செய்கிற வேலை. ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே காமிராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறேன். ஈர மண்ணும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து வாசம் வருகிறது. பூ நன்றாகத்தான் இருக்கிறது, சொன்னது போல முக்கால் விரிவு. அதற்குப் பின்னால் கறுப்பு வேட்டி ஏற்கெனவே நிற்கிறது. துணிக்குப் பின்னால் அவர் நிற்கிறார், துணிக்குக் கீழே அவருடைய இரண்டு கால்கள் தெரிகின்றன, ரப்பர் செருப்பு, ஒரு காலில் சேறு. குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். காமிராவைக் கண்ணில் வைத்தேன். துணி ஆடியது. ஓரத்தில் மெல்லப் படபடவென்று ஆடியது. கொசுவலை ஆடுகிற அளவுதான், அவ்வளவுகூட இல்லை. இப்போது சொல்ல வேண்டும். சொல்லு. வாயைத் திறந்தேன்.

"உங்களுக்குப் பல்லு வலிக்குதுங்களா?"

துணி கீழே விழுந்தது. விழுந்த துணி செடியின் முள்ளில் மாட்டிக்கொண்டு பூ ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார், கை பாதி வந்து நின்றது, தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நடுவில் துணி இல்லாமல் இந்த இடத்தில் நாங்கள் நின்றதே இல்லை.

"பாத்துட்டயா" என்றார்.

"முழுப் படம் கேட்டாங்க. இப்பத்தான் எல்லாத்தையும் பாத்தேன். அதேதானுங்களா?"

"அதேதான். போன தையில போனேன். அண்ணனுக்குப் பாத்த டாக்டரேதான் பாத்தாரு. என் கையைப் பாத்ததும் அவரே எந்திரிச்சு நின்னுட்டாரு."

"தனியாவா போனீங்க?"

"பின்ன, மேளதாளத்தோடவா போவாங்க." சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"சிந்துஜாவுக்குத் தெரியுங்களா?"

"ஆருக்கும் தெரியாது. நீதான் மொதல்ல."

"நான் பக்கத்துலயேதான இருக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க? இத்தனை நாளா நான் உங்களை என்னென்ன பேசியிருக்கறேன். நேத்துக்கூட."

அவர் முள்ளில் மாட்டிய வேட்டியை மணிக்கட்டால் தள்ளி எடுக்கப் பார்த்தார். நான் எழுந்து போய் எடுத்தேன். துணியின் மேல் ஓரம் ஈரமாக இருந்தது.

"அண்ணனுக்கு இதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு இருந்து அண்ணி அண்ணனை ஒரு வார்த்தை திட்டல, உனக்கு ஞாபகம் இருக்குதா?" என்றார். "அதுக்கு முன்னால ரெண்டு பேருக்கும் எந்நேரமும் சண்டை, தெருவுக்கே கேக்கும். தெரிஞ்சதுக்கப்பறம் வீட்டுல சத்தமே இல்ல. சாப்புடறீங்களா, தூங்கறீங்களா, வலிக்குதுங்களான்னு அப்படி மெதுவாக் கேப்பாங்க. எல்லாரும் தங்கமானவங்கன்னு சொன்னோம். அண்ணன் ஒரு நாள் நான் மழிச்சுவுட்டுட்டு இருக்கறப்ப அழுதாரு. 'இவ என்னைய இப்பவே சுடுகாட்டுல கொண்டு போயி வெச்சுட்டாடா'ன்னாரு. அதுக்கப்பறம் கொஞ்ச நாள்ல பேச்சும் போயிருச்சு."

வெயில் தொட்டியைத் தாண்டி வந்து பூவின் மேல் விழுந்தது.

"நீ தெனமும் ஆட்டாதீங்க ஆட்டாதீங்கன்னு கத்துவயில்ல? அந்த அரை மணி நேரம் எனக்கு ஒண்ணுமே இல்லீன்னு இருக்கும் அம்மிணி. சோம்பேறித்தனமாத் துணி புடிக்கற ஆளு, அவ்வளவுதான் நானு. அதுக்கோசரந்தான் சொல்லல." பூவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னைக்குப் படம் போச்சு பாரு. தும்மல் போட்டாக்கூடத் திட்டுவ. துணியக் கீழ போட்டிருக்கறேன், பனி அத்தனையும் கொட்டிப்போச்சு. திட்டு."

நான் கையில் இருந்த வேட்டியை மடித்தேன்.

"திட்டு அம்மிணி."

திட்டத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. உலகத்தில் எனக்கு நன்றாக வருகிற ஒன்று அது. வார்த்தைகளையெல்லாம் நாக்கு நுனிக்கு இழுத்து நிறுத்தினேன். மூச்சை நன்றாக உள்ளே வாங்கினேன்.

"வெயில் ஏறுதுங்க, உள்ள வந்து உக்காந்துக்கங்க" என்றேன். அத்தனை மெதுவாக வந்தது அது. அவர் முகத்தில் பயம் வந்ததை அப்போதுதான் பார்த்தேன்.